இரண்டு அடுப்பில் சாப்பிட்ட உபதேசியார்

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். தலைப்பைக்கூட நீங்களே வைத்துவிட்டீர்கள்: ஆபிரிக்கக் காட்டில் ஒளியேற்றிய அருட்தந்தை. அவரோடு அந்த மிஷனில் இருந்த குடும்பங்களில் லண்டனில் மிஞ்சியிருப்பது நானும் அம்மாவும்தான், ஆகவே நான்தான் எழுதவேண்டும் என்று வெம்பிளியில் இருக்கிற நம் சங்கத் தலைவர் மூன்று தடவை வட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டார். மூன்றிலும் "அன்பானவர், எளிமையானவர்" என்றார். அந்த இரண்டு சொற்களையும் கேட்டால் எனக்கு நெஞ்சு எரிகிறது. மனோர் பார்க்கில் என் வைத்தியர் அதற்குக் குளிசை தந்திருக்கிறார், குளிசைக்கு அடங்குகிற எரிவு அல்ல இது.

எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. மலரில் போடமாட்டீர்கள் என்றும் தெரியும். ஆனால் நீங்கள் என் வயதுக்காரர், உங்களுக்குத்தான் இது விளங்கும். நம் அப்பாமார் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்துவிட்டு, ஒப்பந்தம் எழுதிக்கொண்டு சாம்பியாவுக்குப் போனவர்கள். உங்களில் பலர் பட்டணத்துப் பள்ளிக்கூட வீடுகளில், மின்சாரத்தோடும் குழாய்த் தண்ணீரோடும் வளர்ந்தீர்கள். எங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது பட்டணத்திலிருந்து எழுபது மைல் உள்ளே இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடம். தபால் கிழமைக்கு ஒருமுறை வரும். மழை பெய்தால் அதுவும் வராது.

அந்த மிஷனுக்குச் சுவாமியாராக வந்து சேர்ந்தவர்தான் உங்கள் அருட்தந்தை, நம் ஆள். நம் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்து, குருமடத்தில் படித்து, வெளிநாட்டு மறைபணிக்கு என்று பெயர் கொடுத்து வந்தவர். முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையால் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டபோது அவருடைய கண் கலங்கியது. டின் மீன் குழம்புதான். அம்மாவும் அழுதார். இந்த மனுசன் நல்ல மனுசன் என்று எங்கள் வீட்டில் அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. அதன்பிறகு அந்தத் தீர்ப்பை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

அவருடைய நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் மலரில் மற்றவர்கள் காட்டைப் பற்றியும் சிங்கத்தைப் பற்றியும் எழுதுவார்கள். சிங்கம் ஒன்றையும் நாங்கள் காணவில்லை. விடிய ஐந்து மணிக்கு, மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அதுதான் கோயில் மணி. கன்னியாஸ்திரிகளுக்குப் பூசை. பிறகு மருந்துச்சாலை வாசலில் நிற்கிற வரிசையை ஒரு அதட்டு அதட்டி நேராக்குவார். பிறகு சீமெந்து வந்ததா, கூரைத் தகடு வந்ததா என்று கொத்தனோடு சண்டை. பதினொரு மணிக்கு லாண்ட்ரோவர் கிளம்பும். பின்னால் பூசைப் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, சுருட்டிய மெத்தை, மலேரியாக் குளிசைப் போத்தல், பழைய உடுப்பு மூட்டை எல்லாம் இருக்கும். பதினான்கு கிராமங்களில் மண்ணால் கட்டிய பதினான்கு கோயில்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு கிழமைக்கு ஒருமுறை போவார். போனதும் மரத்தடியில் பாவசங்கீர்த்தனம் கேட்பார். பிறகு ஞானஸ்நானம், பூசை, அதன்பிறகு வழக்குகள். யாருடைய மாடு யாருடைய தோட்டத்தில் மேய்ந்தது என்பது முதல் யார் யாரோடு வாழ்கிறார் என்பது வரைக்கும் அவர்தான் நீதவான்.

கோயிலுக்குள் மேளம் தட்டக்கூடாது என்று அவர் தடுத்ததை நான் கண்டிருக்கிறேன். பாட்டு இழுபட்டால் வாசலில் நின்று கைதட்டி நிறுத்துவார். பிள்ளைகளின் காதைத் திருகுவார், என் காதையும்தான். தலை நரைத்த மனிதர்களை "டேய்" என்று தமிழில் கூப்பிடுவார், அவர்களுக்கு விளங்காது என்ற துணிவில். விளங்காமல் என்ன? டேய் என்பது எந்தப் பாஷையிலும் விளங்கும்.

நல்லதும் செய்தார். பிள்ளை குறுக்கே கிடந்து தவித்த பெண்களை, வெள்ளத்தில் அள்ளுண்டு போகிற பாதையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். இரண்டு தடவை என் கண்ணால் கண்டேன். இதை எழுதாமல் விட்டால் நான் பொய்க்காரி. ஆனால் அதை எழுத உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வந்து மூன்று வருடமாகியும் அவருக்கு அந்த மொழி பிடிபடவில்லை. பிரசங்கத்தை எழுதிவைத்து வாசிப்பார். ஆனால் யாராவது திருப்பி ஒன்று சொன்னால் முழிப்பார். அவருக்குக் காதும் வாயுமாக இருந்தவர் மிஷனின் தலைமை உபதேசியார். சுவாமியார் இல்லாத ஞாயிறுகளில் செபம் நடத்துவது, ஞானஸ்நானத்துக்கு ஆட்களைப் படிப்பிப்பது, செத்தவர்களை அடக்குவது எல்லாம் அவர்தான். மெலிந்த, உயரமான மனிதர். முழங்கை கிழிந்த கோட்டு ஒன்றை வெயிலிலும் கழற்றமாட்டார். மிஷனிலிருந்து மூன்று மைலில், வீடும் தோட்டமுமாக அவருடைய வளவு. கோயிலில் மெய்விவாகம் முடித்த மனைவி, ஆறு பிள்ளைகள்.

அதே வளவில், இருபது அடி தள்ளி, இன்னொரு குடிசையில் அவருடைய அண்ணி இருந்தார். அண்ணன் செத்துப்போனபின், அண்ணியையும் பிள்ளைகளையும் தம்பி பொறுப்பெடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் என்னைவிட ஒரு வயது கூட, இளையவன் மூன்று வயதுப் பையன், எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். அண்ணி கிழமைக்கு இரண்டு நாள் எங்கள் பின்வாசலுக்கு முட்டையும் கீரையும் கொண்டுவருவார். அந்த மகள்தான் என் தோழி. அவளிடம்தான் நான் அந்த மொழியைப் படித்தேன். அவள் என்னிடம் தமிழ் படித்தாள். "கெதியா வா", "அம்மா ஏசுவா", "இடம் இல்லை", இப்படி விளையாட்டுக்குத் தேவையான அளவு தமிழ்.

ஒன்று சொல்லவேண்டும். இங்கே நான் அண்ணியை "அவர்" என்று எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவளென்றுதான் சொன்னோம். நம் வீடுகள் எல்லாவற்றிலும் அந்த ஊர்க்காரர் அவனும் அவளும்தானே, முட்டைக்காரி, தோட்டக்காரன், மறந்துவிட்டீர்களா? ஐம்பது வருடம் பிந்தி வருகிற மரியாதை இது. அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

சனிக்கிழமைகளில் அவர்களுடைய வளவுக்குப் போக எனக்கு அனுமதி இருந்தது. மழைக்காலம். சோளம் என் இடுப்பளவு நிற்கும். ஈர மண்ணும் அடுப்புப் புகையும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த மணம் அந்த வளவுக்கு. குடிசைக்குள் ஒரு மூலையில் ஆட்டுக்குட்டி கட்டியிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் உபதேசியார் கோட்டோடு இருபது அடி நடந்து அண்ணியின் அடுப்படிக்கு வருவார். அவருக்கென்று மூன்று கால் முக்காலி ஒன்று. செத்துப்போன அண்ணனுடையது. அண்ணி மண்டியிட்டு, முழங்காலில் இருந்து, கைகழுவத் தண்ணீர் வார்ப்பார். சோளமாக் களியையும் பூசணிக்கீரையையும் முதலில் அவருக்கு வைப்பார். அவர் பையனை மடியில் இருத்தி, களியை உருட்டி அவன் வாயில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். எனக்கும் ஒரு உருண்டை கிடைக்கும். சாப்பிட்டு முடிந்ததும் தன் வீட்டுக்குப் போய் மனைவி சமைத்ததையும் கொஞ்சம் சாப்பிடுவார். இரண்டு அடுப்பு. வயிறு நொந்திருக்கும், பாவம்.

அந்தப் பிள்ளைகள் அவரை அப்பா என்று கூப்பிட்டார்கள். நாம் தகப்பனின் தம்பியைச் சித்தப்பா என்பதில்லையா? எனக்கு அதில் வினோதம் ஒன்றும் தெரியவில்லை.

அந்த வருடம் யாரோ ஒருவர் சுவாமியாருக்குக் கடிதம் போட்டார். உபதேசியாருக்கு இரண்டு பெண்சாதி என்று. உபதேசியார் பதவிக்கு ஆசைப்பட்ட ஆளாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. சுவாமியார் எங்கள் முன்வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அப்பாவிடம் அதைச் சொன்னபோது நான் நிலத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தேன்.

"விசாரிக்கத்தான் வேணும், மாஸ்டர். ஆனா ஆரை வைச்சு விசாரிக்கிறது? எனக்கு மொழிபெயர்க்கிறவனே அவன்தானே. வேற ஆரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அவையின்ர ஆள்தான்" என்றார்.

பிறகு அவருடைய பார்வை என்மேல் விழுந்தது.

"பிள்ளை நல்லாக் கதைக்கிறாள் எல்லே, மாஸ்டர்?"

"ஓம் சுவாமி, அவையளை விட நல்லாக் கதைப்பாள்" என்றார் அப்பா. பெருமையோடுதான் சொன்னார். அம்மா மட்டும் கதவடியில் நின்று, "சின்னப்பிள்ளை சுவாமி, உந்த விசயமெல்லாம்..." என்று இழுத்தார். "பூசையில உதவி செய்யிற மாதிரித்தான். கடவுளின்ர வேலை" என்றார் சுவாமியார். அதற்குமேல் எங்கள் அம்மா என்ன சொல்லமுடியும்? அப்பா, "போய்ட்டு வரட்டும், பழகினதாய் இருக்கும்" என்றார்.

எனக்குச் சந்தோசம் தாங்கமுடியவில்லை. லாண்ட்ரோவரின் முன் இருக்கை! பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள்கூடப் பின்னால்தான் ஏறுவார்கள். ஞாயிற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டீசல் மணக்க மணக்க, வளவுப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க நான் போய் இறங்கினேன். என் தோழி ஓடிவந்தாள். நான் அவளோடு விளையாடப் போகவில்லை. சுவாமியார் பக்கத்தில் நின்றேன். அவள் சுவாமியாருக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, முழங்காலில் இருந்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். இதை நினைவில் வைத்திருங்கள், அவர் வைத்திருக்கவில்லை.

உபதேசியாரைத் தூரத்தில், மரத்தடியில் நிற்கச் சொன்னார். அண்ணி பாயில் இருந்தார், மடியில் மூக்கொழுகி. சுவாமியார் நாற்காலியில். ஊர்க்காரர் இருபது பேராவது சுற்றி நின்றார்கள். அவருக்கு முன்பிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் விட்டுப்போன கொப்பி அவர் கையில் இருந்தது. அந்த ஊர்க் கலியாணங்களை எப்படித் தீர்ப்பது என்று அதில் எழுதி வைத்திருந்தாராம். ஒரு ஆண் எந்தப் பெண்ணின் அடுப்பில் முறைவைத்துச் சாப்பிடுகிறானோ அவள் அவனுடைய பெண்சாதி. அது ஒரு விதி.

"புருசன் செத்து எவ்வளவு காலம் எண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். மூன்று மழை என்றார். "மூண்டு வருசமாம், சுவாமி."

"இந்த வீட்டை வேய்ஞ்சு குடுத்தது ஆர்?"

"உபதேசியாராம்."

"தோட்டம் கொத்தினது?"

"அவரும் தாங்களுமாம்."

சுவாமியார் எழுதினார். பேனையை மூடாமல், என்னைப் பார்க்காமல், "இரவில உபதேசியார் இஞ்ச படுக்கிறவரோ எண்டு கேள்" என்றார்.

எனக்கு ஒன்பது வயது. அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மணி எத்தனை என்று கேட்பதுபோலக் கேட்டேன். அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு சுவாமியாரைப் பார்த்துச் சொன்னதை நான் அப்படியே சொன்னேன். "இதைக் கேக்கிறதுக்கோ ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு கேக்கிறா, சுவாமி."

சுவாமியாருடைய முகம் கறுத்தது. "பதிலை மட்டும் சொல்லச் சொல்லு."

"இந்த வீட்டில நானும் ரெண்டு பிள்ளையளும் ஒரு ஆட்டுக்குட்டியும்தான் படுக்கிறமாம். நம்பிக்கை இல்லாட்டி ஆட்டைக் கேக்கட்டாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மொழிபெயர்த்த முதல் பகிடி அது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் அண்ணிக்கு வினையாக முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். சுவாமியாரைப் பார்த்து அந்த நாட்டில் யாரும் அதுவரை சிரித்ததில்லை.

"அவன் இஞ்ச சாப்பிடுறவனோ?"

"ஓமாம், சனிக்கிழமையில."

"ஏன்? தன்ர வீட்டில சாப்பாடு இல்லையாமோ?"

அண்ணி நீளமாகச் சொன்னார். இந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் இல்லை என்று ஒருவரும் சொல்லக்கூடாது, அதற்காகத்தான் தகப்பனின் முக்காலி வெறுமையாய்க் கிடக்கக்கூடாது, அவர் வந்து இருந்து சாப்பிட்டால் பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகள், தோட்டமும் அவர்களுடையது. நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

சுவாமியார் என்னிடம் திரும்பினார். "நீ கண்டனியோ?"

"ஓம் சுவாமி! நானும் சாப்பிட்டனான்."

"எப்பிடிக் குடுக்கிறவள்?"

யாரும் செய்துகாட்டச் சொல்லாமலே நான் அவர் முன்னால் முழங்காலில் இருந்து காட்டினேன். தண்ணீர் வார்க்கிற மாதிரி, களி வைக்கிற மாதிரி, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும். நடிப்பு என்றால் எனக்கு உயிர், உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் பெண்கள் கோயிலில்தான் முழங்காலில் இருப்பார்கள். ஒரு மனிதனுக்கு முன்னால் முழங்காலில் இருந்து சோறு வைக்கிறாள் என்றால் அவர் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்? அந்த ஊரிலோ பெரியவர் எவருக்கும் அப்படித்தான் கொடுப்பார்கள். கடைக்காரனுக்கும் முழங்கால், என் அப்பாவுக்கும் முழங்கால். பத்து நிமிடத்துக்கு முன் அவருக்கே ஒரு பிள்ளை அப்படித் தண்ணீர் கொடுத்தது. மூன்று வருடம் அந்தக் கைகளிலிருந்து வாங்கிக் குடித்த மனிதர் அவர்.

"காணும், இனிக் கேக்கத் தேவையில்லை" என்று கொப்பியை மூடினார்.

தீர்ப்பு இதுதான். அண்ணி பெண்சாதி அல்ல என்றால் அந்த வளவில் அவருக்கு என்ன வேலை, பிறந்த ஊருக்குப் போகட்டும். பெண்சாதி என்றால் உபதேசியாருக்கு நன்மை மறிப்பு, பூசையில் நற்கருணை கிடையாது, பதவியும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் போகவேண்டியவர் அண்ணி. ஞாயிற்றுக்கிழமைக்குள் போகவேண்டும். உபதேசியார் மரத்தடியிலிருந்து வந்து கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு ஆறு பிள்ளைகள், மிஷன் சம்பளம். அவருடைய மனைவிதான் நிலத்தில் இருந்து தலையில் கைவைத்து அழுதார். அந்த மனைவியை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது சுவாமியார் என் தலையைத் தடவி, செபப் புத்தகத்துக்குள் வைக்கிற, தங்க விளிம்பு வைத்த அர்ச்சியசிஷ்டர் படம் ஒன்று தந்தார். "கெட்டிக்காரி. இதை ஒருத்தருக்கும் சொல்லப்படாது, கோயில் விசயம்" என்றார். வீட்டில் அப்பா கேட்டதற்கு, "எல்லாம் ஒழுங்காய் முடிஞ்சுது, மாஸ்டர்" என்றார் அவர். அதற்குமேல் எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மழை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அண்ணி எங்கள் பின்வாசலுக்கு வந்தார். தலையில் மூட்டை, முதுகில் பையன், கையைப் பிடித்தபடி என் தோழி. அம்மா அடுப்படியிலிருந்து கைதுடைத்துக்கொண்டு வந்தார். அண்ணி முழங்காலில் இருந்து, மூன்று தடவை மெல்லக் கைதட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உன் அம்மாவிடம் கேள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வேலைக்காரர் அறை சும்மா கிடக்கிறது. என் சோளம் பால்பிடிக்க இன்னும் ஆறு கிழமை. அதுவரைக்கும் அங்கே இருக்க விடச் சொல். தண்ணீர் அள்ளுவேன், உடுப்புத் தோய்ப்பேன். என் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆறு நிறைந்து போகிறது. பையனுக்குக் காய்ச்சல். பொத்தி வந்ததும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன்."

அம்மா என்னைப் பார்த்தார். "என்னவாம், பிள்ளை?"

நான் சொன்னேன்: "ஊருக்குப் போறாவாம். போயிட்டு வாறன் எண்டு சொல்ல வந்தவவாம்."

அம்மாவின் முகம் வாடியது. உள்ளே போய் ஒரு பால்மா டின்னும் என் பழைய கம்பளிச் சட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். "கவனமாய்ப் போகச் சொல்லு. நல்லாயிருக்கச் சொல்லு."

நான் அண்ணியிடம் அவருடைய மொழியில் சொன்னேன்: "இடம் இல்லையாம்."

அண்ணி திரும்பவும் கைதட்டினார். அங்கே நன்றி சொல்வது அப்படித்தான். எழுந்து மூட்டையைத் தலையில் வைத்தார். என் தோழி மட்டும் அசையவில்லை. "இடம் இல்லை" என்ற தமிழ் அவளுக்குத் தெரியும், நான் படிப்பித்தது. அம்மாவின் வாயிலிருந்து அது வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் தன் தாயிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என்னிடமாவது கேட்டிருக்கலாம். தாய் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிறு பூசையில் உபதேசியார் செத்தவர்களுடைய பெயர்களை வாசித்தார். அந்தக் கோட்டோடுதான். ஐந்தாவது பெயர் பையனுடையது. ஆறு வடியும்வரை கரையில் நான்கு நாள் மழைக்குள் கிடந்தார்களாம், பிறகு யாரோ சொன்னார்கள். சுவாமியார் எல்லாப் பெயர்களுக்கும் சேர்த்து ஒரு செபம் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனார். அந்தத் தோட்டத்துச் சோளத்தை மாடு மேய்ந்தது. அடுத்த வருடம் அப்பாவின் ஒப்பந்தம் முடிந்தது.

சுவாமியார் லண்டனுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு, வெள்ளைக்காரரின் கோயிலை இரவல் வாங்கிப் பூசை. அது முடிந்ததும் மண்டபத்தில் ரோல்சும் வடையும். உங்களுடைய பிள்ளைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தார். கவுன்சிலில் வேலைசெய்த காலம் முழுக்க ஞாயிறு ஷிப்ட் கேட்டு வாங்கினேன். சம்பளத்துக்காக என்று நினைத்தீர்கள்.

ஓய்வுபெற்ற குருமாருடைய இல்லத்தில் அவரைப் போய்ப் பார்த்தது மூன்று வருடத்துக்கு முன்னால். அவருக்கு மூளை தெளிவாகத்தான் இருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்ர மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறா!" என்று பராமரிக்கிற பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் சுற்றிவளைக்கவில்லை. "சுவாமி, உபதேசியாரின்ர அண்ணியை ஞாபகம் இருக்கோ?"

"எந்தப் பொம்பிளை?"

சொன்னேன். ஆடு, முக்காலி, கொப்பி எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்தார். "ஓ, அது. அவன் கடைசி வரைக்கும் உபதேசியாராய் இருந்தவன் எல்லே. நல்ல முடிவு."

"அந்தச் சின்னப் பிள்ளை செத்துப் போச்சு, சுவாமி."

"அங்க எத்தினை பிள்ளையள் செத்தது, பிள்ளை. எல்லாருக்கும் பூசை வைச்சனான்."

"உங்கட வீட்டில உங்கட அண்ணி, தமையன் செத்தாப் பிறகு ஆரோட இருந்தவ?" என்று கேட்டேன். அம்மா சொல்லி எனக்குத் தெரியும். அவருடைய அண்ணி இளம் வயதில் தாலி அறுத்தவர். இரண்டாவது தமையன் வீட்டில் கடைசிவரை இருந்து அந்தத் தமையனுக்குச் சோறு போட்டவர்.

"அது வேற. அது எங்கட குடும்பம்" என்றார். கோபம் வந்துவிட்டது. ஊருக்குத்தானே உபதேசம். பிறகு விரலை என் பக்கம் நீட்டி, "நீ காட்டித்தானே நான் தீர்த்தனான். முழங்காலில இருந்து காட்டினது ஆர்?" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த மனுசனுடைய சவப்பெட்டியின்மேல் போன மாதம் நீங்கள் பூ வைத்தபோது நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இவ்வளவும் உங்களுக்கு எழுதலாம் என்று இருந்தபோது, பின்வாசலில் நடந்ததை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை என்பது உறைத்தது. அம்மாவுக்கு எண்பத்தெட்டு. கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் வயதானவர்களுக்கான அடுக்குமாடியில் இருக்கிறார். காலையும் பின்னேரமும் பராமரிக்க ஒரு பெண் வருவார். போன வியாழன் போய், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அண்ணி உண்மையில் என்ன கேட்டார் என்று சொன்னேன்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "அறை கேட்டவவோ?"

"ஓம்."

"நான் அண்டைக்குக் காலமை அந்த அறையைக் கூட்டி வைச்சனான். அவையை அனுப்பப்போயினம் எண்டு பள்ளிக்கூடத்து ஆக்கள் கதைச்சவை. வந்து கேப்பா எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். கேக்கேல்லை எண்டதும், சொந்த ஊருக்குப் போக விருப்பமாக்கும் எண்டு நினைச்சன். எனக்கு அவவின்ர பாஷை தெரியாது. உன்னைத்தானே நம்பினனான்."

நான் அம்மாவின் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"சுவாமியாருக்குப் பயம்."

"பொய் சொல்லாதை. நீ அந்தாளுக்குப் பயப்பிட்ட பிள்ளை இல்லை."

அறுபது வயதில் அம்மாவிடம் பொய் பிடிபட்டேன். உண்மையைச் சொன்னேன். நான்தான் காட்டிக்கொடுத்தது என்று என் தோழிக்குத் தெரியும். ஆறு கிழமை எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவள் இருந்தால், ஒவ்வொரு நாளும் காலையில் அவளுடைய முகத்தில் நான் முழிக்கவேண்டும். அது எனக்கு ஏலாது. அவ்வளவுதான்.

"அப்ப அந்த மனுசனை ஏன் இவ்வளவு காலமும் திட்டிக்கொண்டு திரியிறாய்?" என்று கேட்டார் அம்மா.

"அவர் அவவை வளவில இருந்து துரத்தினவர், அம்மா. நான் எங்கட வாசல்ல இருந்து துரத்தினனான். அவரைத் திட்ட நான் இருக்கிறன். என்னைத் திட்ட ஒருத்தரும் இல்லை."

"நான் இருக்கிறன்" என்றார் அம்மா.

பிறகு திட்டினார். அம்மா என்னை அப்படித் திட்டி நான் கேட்டதே இல்லை. நாசமாய்ப் போவாளே என்றார், பழிகாரி என்றார், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னார். ஐம்பது வருடமாக அவருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருந்திருக்கிறது. மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. பராமரிக்கிற பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அம்மா கையை ஆட்டி அவரைப் போகச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் எழுந்து நின்றுகொண்டு முழுவதையும் கேட்டேன்.